பாம்புச்செவி வீட்டில் ஒரு கள்ளக் கதவு

"நான் தூங்குற நேரம் பாத்து என் வேலையில யாரோ கை வைக்கிறாங்க," என்றார் பாம்புச்செவி.

"தூங்குறப்போ கை வைக்கிறது கொசுதான் சார். அதுக்குத் துப்பறியிறவங்க எதுக்கு, கொசுவத்தி போதும்," என்றாள் சில்லறை.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சில்லறைக்கு ஆளை உடனே பிடித்துப்போயிற்று. துப்பறிய ஆள் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் இழவு வீட்டு முகத்தோடுதான் வருவார்கள். அவள் நகைச்சுவையெல்லாம் அங்கே விழலுக்கு இறைத்த நீர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய முதலாளி சிரிக்கவில்லை. தீப்பிடித்த வீட்டிலும் காலிங் பெல்லை அடித்துவிட்டு, யாராவது வந்து திறக்கட்டும் என்று காத்திருப்பார் என்பதால் அவருக்கு நிதானம் என்று பேர். அவளுக்குச் சில்லறை என்று பேர் வந்தது வாயால். பை நிறையக் காசு போட்டுக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி எந்நேரமும் கலகலத்துக்கொண்டே இருப்பாள்.

பாம்புச்செவியின் பேர் மட்டும் பெருமைப் பேர். சினிமாவுக்கு ஒலி சேர்க்கிறவர், முப்பது வருஷமாக. ஒருமுறை படப்பிடிப்பை நிறுத்தி, "ஹீரோவோட சட்டைப் பையில வாட்ச் ஓடுது, எடுத்து வைங்க" என்று இருபதடி தள்ளி நின்று சொன்னாராம். அன்று ஒட்டிக்கொண்ட பேர்.

"இதப் பாருங்க." அவர் தன் போனில் இரண்டு படங்களைக் காட்டினார். இரண்டிலும் அவருடைய கம்ப்யூட்டர் திரை. வரிவரியாக ஒலிக் கோடுகள், கோடுகளின் மேல் சத்தத்தை ஏற்றி இறக்குகிற புள்ளிகள். "இது மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுக்கப் போறப்போ எடுத்தது. இது எழுந்து வந்து எடுத்தது. மேலே வச்ச புள்ளி கீழே கிடக்கு. பேய் வந்து இறக்கிச்சா?"

"யார் மேல சந்தேகம்?" என்றார் நிதானம்.

"சந்தேகமெல்லாம் இல்ல. என் தம்பிதான். இருபது வருஷம் இதே ரூம்ல என் பக்கத்துல உக்காந்து வேலை பாத்தான். மூணு வருஷம் முன்னாடி என் வேலையிலேயே குத்தம் கண்டுபிடிச்சான். வெளியே போடான்னேன், போயிட்டான். இப்போ பழி வாங்குறான். நாளைக்குக் காலையில படக் கம்பெனி மேனேஜர் வர்றார். அவரையும் கூட்டிக்கிட்டுப் போலீசுக்குப் போகப்போறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஆதாரம் வேணும்."

"கூடப் பொறந்தவர் ஆச்சே சார்," என்றாள் சில்லறை.

"கூடப் பொறந்ததுனாலதான் வலிக்குது."

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார். நிதானம் எழுந்து அறையைச் சுற்றி வந்தார். பஞ்சு பதித்த சுவர், கனத்த கதவு, வெளிச் சத்தம் ஊசிமுனை அளவுக்குக்கூட நுழையாத அறை. ஆனால் மேஜைக்கடியில் பேட்டரி செத்துப்போன யூ.பி.எஸ். ஒன்று விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

"அது என்ன சார் கீச்சு கீச்சுன்னு? மேஜைக்குக் கீழே கோழிக்குஞ்சு வளக்கிறீங்களா?" என்று அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள் சில்லறை.

"ஹாலுக்குப் போய் இடது பக்கம்மா. சுவிட்ச் வெளியே இருக்கு," என்றார் அவர், திரும்பாமலே.

குளியலறைக்கு வழி சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவே ஒரு கணம் பிடித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நிதானத்தைப் பார்த்தாள். அவரோ பாம்புச்செவியின் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்போல்லாம் யாரு வாயைத் தொறந்து பேசுறாங்க?" என்று பாம்புச்செவி தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டார். "நடிகன்லேர்ந்து என் பொண்டாட்டி வரைக்கும் எல்லாம் ஒரே முணுமுணுப்பு."

வீட்டு இன்டர்நெட் பெட்டி ஹாலில் புத்தக அலமாரியின் தலையில் உட்கார்ந்திருந்தது, இரண்டு கொம்போடு.

"இதுக்குப் பேரு ரவுட்டராம். பேருக்கும் ஆளுக்கும் ரவுடி ஜாடை," என்றாள் சில்லறை.

"ரவுடி இல்ல, வாட்ச்மேன்." நிதானம் பெட்டியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் படித்துத் தன் லேப்டாப்பில் அடித்தார். பெட்டியின் உள்பக்கம் திரையில் விரிந்தது. "வெளியிலேர்ந்து யார் வந்து தட்டினாலும் உள்ளே விடாம விரட்டுறது இவன் வேலை. ஆனா இங்க பாரு. 'இந்த நம்பரைச் சொல்லிக்கிட்டு வர்ற ஆளை மட்டும் ஒண்ணும் கேக்காம நேரா சவுண்டு ரூம் கம்ப்யூட்டருக்கு அனுப்பு'ன்னு இவனுக்கு உத்தரவு போட்டு வச்சிருக்கு."

"கள்ளக் கதவு!"

"ஆமா. வெளியே எங்கேயோ உக்காந்துக்கிட்டு அந்தக் கம்ப்யூட்டரைத் தன் மடியில வச்சிருக்கிற மாதிரி ஓட்டலாம்."

"அப்போ தம்பிதான். கேஸ் முடிஞ்சுது, சாப்பிடப் போலாம்."

"இந்த உத்தரவை வீட்டுக்குள்ள இருந்துதான் போட முடியும். தம்பி இந்த வீட்டுப் படியேறி மூணு வருஷமாச்சு. பெட்டி போன வருஷம் வாங்கினது, அடியில தேதி ஒட்டியிருக்கு."

அப்போது பாம்புச்செவியின் மனைவி தேநீரோடு வந்தார். ஒல்லியான அம்மாள், கண்ணாடிக்குப் பின்னால் களைத்த கண்கள். கணவருக்குக் கொண்டுபோனபோது தோளைத் தொட்டு, அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று, "சூடா இருக்கு, பாத்து" என்று நிறுத்திச் சொன்னார். திரும்பி வந்தவரிடம் நிதானம் கேட்டார்: "இந்தப் பெட்டியை யாரும்மா பாத்துக்கிறது?"

"எனக்கு அதைத் துடைக்க மட்டும்தாங்க தெரியும்."

"சரி, ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பாப்போம்." நிதானம் பிளக்குக்குக் கை நீட்டினார்.

"ஐயோ, அணைக்காதீங்க! நம்பர் மாறிடும்!"

நிதானத்தின் கை அப்படியே நின்றது. அந்த அம்மாளும் நின்றார். உள்ளே பாம்புச்செவி தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

"சரிம்மா. நம்பர் மாற வேணாம்," என்றார் நிதானம், ஒன்றும் நடக்காத மாதிரி.

ஆனால் கிளம்பும்போது, பையைத் தோளில் மாட்டுகிற சாக்கில் அவர் முழங்கை பிளக்கின் மேல் பட்டது. பெட்டியின் விளக்குகள் மொத்தமும் அணைந்தன. "அடடா, தெரியாம கை பட்டுடுச்சும்மா" என்று தானே திரும்பச் செருகிவிட்டுப் படியிறங்கினார்.

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்த சில்லறை தெருக்கோடி வரை சிரித்தாள். "கோழிக்குஞ்சு எங்கேன்னா குளிக்க வழி சொல்றாரு சார்! 'இடது பக்கம்மா, சுவிட்ச் வெளியே!'" என்று அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினாள். பிறகுதான் கேட்டாள்: "அந்தம்மா என்னமோ நம்பர்னாங்களே, என்ன நம்பர்?"

"வெளியிலேர்ந்து அந்த வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு முகவரி எண் உண்டு. பெட்டியை அணைச்சுப் போட்டா அது மாறிடும். துடைக்க மட்டும் தெரிஞ்சவங்களுக்கு இது எப்படித் தெரியும்?"

சில்லறையின் சிரிப்பு நின்றது. "கதவைத் திறந்து விட்டதே அவங்களா?"

"இப்போ நம்பர் மாறிடுச்சு. புது நம்பரை அவங்க யாருக்கோ போன்ல சொல்லியாகணும். அந்த யாரோ பக்கத்துல நாம முன்னாடியே போய் உக்காந்துக்கணும்."

"தெரியாம கை பட்டுடுச்சுன்னீங்களே!"

"கை பட்டது நிஜம்தானே?"

தம்பியின் இடம் ஒரு தையல் கடைக்கு மேல், ஒற்றை அறை. கடை அவர் மனைவியுடையது. தையல் இயந்திரங்களின் ஓட்டம் தரை வழியே மெல்ல அதிர்ந்தது. லிஃப்டில் 'கதவு மூடுகிறது' என்றும் பஸ் நிலையத்தில் 'பயணிகள் கவனிக்கவும்' என்றும் வருகிற குரல்களைப் பதிவு செய்து தருவது அவர் தொழில். பெரிய படங்களுக்கு ஒலி சேர்த்த கை.

அண்ணனின் அதே நெற்றி, அதே மூக்கு. தரையில் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று உடைந்த ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புது ஆட்களை முறைத்துப் பார்த்தது.

"எங்க ஆபீசுக்கு ஒரு அறிவிப்பு வேணும்," என்றார் நிதானம்.

"'உள்ளே வருபவர்கள் உண்மையைச் சொல்லவும்'னு. பெண் குரல்ல, கொஞ்சம் மிரட்டலா," என்றாள் சில்லறை.

தம்பி சிரிக்க வாயெடுத்தபோது அவர் போன் அடித்தது. "ஒரு நிமிஷம்" என்று திரும்பிக்கொண்டார். "சொல்லுங்க அண்ணி... மறுபடியும் மாறிடுச்சா? பரவால்ல, நிதானமா சொல்லுங்க." பேனாவை எடுத்து உள்ளங்கையில் எண்களை எழுதிக்கொண்டே வந்தார்.

அவர் போனை வைத்ததும் நிதானம் கேட்டார்: "அண்ணன் படுத்தாச்சா?"

பேனா அவர் விரலிலேயே நின்றுவிட்டது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஓடுவார் என்று சில்லறை வாசலை மறித்தாள். அவர் ஓடவில்லை.

"போலீசா?"

"இல்ல. உங்க அண்ணன் அனுப்பின ஆளுங்க."

"அப்போ ஒரு அரை மணி நேரம் பொறுங்க. அவர் எழுந்து இதைக் கம்பெனிக்கு அனுப்புறதுக்குள்ள நான் முடிச்சாகணும். அப்புறம் எங்கே கூப்பிட்டாலும் வர்றேன்."

உள்ளங்கையைப் பார்த்து எண்ணை அடித்தார். சற்று முன் அவர்கள் பார்த்துவிட்டு வந்த அதே திரை, அதே கோடுகள், இங்கே திறந்தன. ஆளில்லாத அறையில் பாம்புச்செவியின் கம்ப்யூட்டர் இந்நேரம் தானாக அசைந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபோது சில்லறைக்குச் சிலிர்த்தது.

"கேளுங்க," என்று ஹெட்போனை அவளிடம் நீட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாயும் மகனும் பேசுகிற காட்சி. சில்லறை முகம் சுளித்தாள். பேச்சுக்குப் பின்னால் சட்டியில் எண்ணெய் பொரிகிற மாதிரி ஓயாத இரைச்சல். தாய் 'சாகறதுக்குள்ள' என்று சொன்னபோது 'ச' பிளேடாகக் காதைக் கீறியது. தாங்க முடியாமல் கழற்றப் போனாள்.

"இது அண்ணன் முடிச்சு வச்சது. இப்போ கேளுங்க." அவர் நாலைந்து புள்ளிகளைக் கீழே இறக்கினார். இரைச்சல் போயிற்று. ஒரு பழைய மின்விசிறி, தாயின் மூச்சு, மகன் அழுகையை விழுங்குவது, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டன.

"மேல் சத்தம் எதுவும் அண்ணனுக்குக் கேக்குறதில்லீங்க. குருவி, விசில், 'ச'ங்கிற எழுத்து, எதுவும். கேக்கலையேன்னு ஏத்திக்கிட்டே போவார். பேச்சு அரைகுறையா விழும். உதட்டைப் பாத்து மிச்சத்தை நிரப்பிக்குவார். அப்படி நிரப்பிக்கிறதே அவருக்குத் தெரியாது."

சில்லறை ஹெட்போனை மெல்லக் கழற்றினாள். இடது பக்கம்மா, சுவிட்ச் வெளியே இருக்கு. தெருக்கோடி வரை சிரித்தது ஞாபகம் வந்தது. வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்துச் சொன்ன ஜோக்குக்கு மட்டும் சிரித்தாரே அந்த மனிதர்!

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றார் நிதானம்.

"சொன்னேன். 'அண்ணே, பின்னால ஒரு இரைச்சல் இருக்கு'ன்னேன். அதுக்குத்தான் வெளியே போடான்னார்." தம்பி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நான் வெளியே போன மறு மாசமே ஒரு கம்பெனி அவர் வேலையைத் திருப்பி அனுப்பிடுச்சு. அவங்க ஸ்பீக்கர்தான் கோளாறுன்னு ரெண்டு நாள் சாப்பிடாமக் கிடந்திருக்கார். காது டாக்டர்கிட்ட போலாம்னு அண்ணி கூப்பிட்டா, எரிஞ்சு விழுந்திருக்கார். கடைசியில அண்ணி எனக்கு போன் பண்ணி, 'அவருக்குத் தெரியாம நீ பாத்துக் குடுக்க முடியுமாப்பா'ன்னாங்க."

"ரவுட்டர்ல கதவு திறக்கக் கத்துக்குடுத்தது நீங்களா?"

"போன்லயே. அவங்க திரையில இருக்கிற இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க, நான் இங்கேருந்து எதை அமுக்கணும்னு சொல்வேன். 'போர்ட்'னா என்னப்பா, கரும்பலகையான்னு கேட்டாங்க. ஒரு வாரம் ஆச்சு. புதுப் பெட்டி வாங்கினப்போ மறுபடியும் முதல்லேருந்து. ஒரு தடவைகூட அலுத்துக்கலீங்க."

அவர் வேலையை முடித்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கீழே மனைவியிடம் விட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டுக்குப் போகிறவர்.

வாசலில் அந்த அம்மாள் கொழுந்தனைப் பார்த்ததும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டார். "சொல்லிடாதீங்க," என்று நிதானத்தைக் கையெடுத்துக் கும்பிட்டார். "கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லிடுங்க. காதைத் தவிர அந்த மனுஷனுக்கு வேற ஒண்ணுமே இல்லீங்க."

"சார், ஒரே ஒரு பொய்தானே? நானே சொல்றேன்," என்றாள் சில்லறை. பொய்க்காக அவள் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

"சொல்லலாம். அடுத்த மாசம் வேற ஒரு துப்பறியிறவனைக் கூட்டிட்டு வருவார். அவன் தம்பிக்கு விலங்கு மாட்டிட்டுத்தான் போவான்." நிதானம் அந்த அம்மாளிடம் குரலைத் தாழ்த்தினார். "நாம யாரும் சொல்ல வேணாம்மா. அவர் பெரிய தொழில்காரர். அவரே கண்டுபிடிக்கட்டும்."

தம்பியைக் கண்டதும் பாம்புச்செவி நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "ஆதாரமே நடந்து வந்துடுச்சா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா உள்ளே வந்தே?"

தம்பி நேராகப் போய்க் கம்ப்யூட்டரில் ஒலியைப் படமாகக் காட்டுகிற பக்கத்தைத் திறந்தார். கனத்த சத்தம் கீழே, கீச்சுச் சத்தம் மேலே. எங்கே சத்தம் இருக்கிறதோ அங்கே வெளிச்சம். பாம்புச்செவி தலைகீழாகப் படித்துவிடக்கூடிய படம் அது. தான் எடுத்து வைத்திருந்த பழைய நகலை, அண்ணன் முடித்தபடியே, தம்பி ஓடவிட்டார்.

திரையின் மேல்விளிம்பில் வெள்ளையாக ஒரு பட்டை எரிந்தது. சில்லறை காதைப் பொத்திக்கொண்டாள்.

"என்னடா இது மேலே?"

"இரைச்சல்ணே."

"இரைச்சலா? எங்கேடா? அமைதியால்ல இருக்கு..." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பட்டையைப் பார்த்தார். காதைப் பொத்திக்கொண்டு நிற்கிற சில்லறையைப் பார்த்தார். ஹெட்போனை எடுத்து மாட்டி, இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். பிறகு சத்தத்தை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். தம்பி பாய்ந்து கையைப் பிடித்தார்.

"வேணாம்ணே! இவ்வளவு வச்சா காது போயிடும்..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அப்படியே தலையைக் குனிந்துகொண்டார்.

பாம்புச்செவி நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜைக்கடியில் அந்த யூ.பி.எஸ். கத்திக்கொண்டேயிருந்தது. நிதானம் குனிந்து அதை நிறுத்தினார். அது நின்றதும் பாம்புச்செவிக்குத் தெரியவில்லை.

"எப்பலேர்ந்து நீ திருத்துறே?"

"மூணு வருஷமா."

"விருது வாங்கினேனே, அந்தப் படம்?"

"அது நீங்க போட்டதுதாண்ணே. நான் சும்மா தூசி தட்டினேன்."

பாம்புச்செவி கதவோரம் நின்ற மனைவியைத் தேடிப் பார்த்தார். "உனக்கும் தெரியுமா?"

அந்த அம்மாள் வழக்கம்போல வந்து தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக நின்றார். "தெரியுங்க."

"எப்பவும் இப்படி எதிர்ல வந்து நின்னுதான் பேசுவே. ஆசையில பண்றேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

"ஆசையும்தாங்க," என்றவர் அதற்கு மேல் முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சில்லறை சுவர்ப் பஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கண் மங்கியது.

பாம்புச்செவி போனை எடுத்துப் படக் கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டார். "நாளைக்கு வர வேணாம். திருடன் யாரும் இல்ல... ஆமா. இனிமே இந்தப் படத்துக்குத் தம்பிதான் வேலை பாப்பான். பேரும் அவன் பேரையே போடுங்க. எனக்கு... எனக்கு முடியல." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அவர் இரண்டு தரம் "என்ன?" என்று கேட்டார். மூன்றாவது தரம் கேட்காமல், "சரி சரி" என்று வைத்துவிட்டார்.

"உனக்குப் பொண்ணு பொறந்திருக்குன்னாங்க," என்றார் தம்பியிடம். "பேசுறாளா?"

"ஒண்ணு ரெண்டு வார்த்தை பேசுவாண்ணே."

"எனக்கு அவ குரலைக் கேக்கணும்டா."

தம்பி மனைவிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். தையல் இயந்திரம் நிற்கும் சத்தம் கேட்டது. "பாப்பா, பெரியப்பான்னு கூப்பிடு. கூப்பிடு கண்ணு." அண்ணன் போனை வாங்கிக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அறையில் மற்ற நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

போனில் சத்தமே இல்லை. குழந்தை வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

"கேக்குதுடா," என்றார் பாம்புச்செவி. அவர் முகம் மலர்ந்திருந்தது. "எனக்கு நல்லாக் கேக்குது. எவ்வளவு தெளிவாச் சொல்றா!"

யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் கண்ணைத் திறந்து, தம்பியின் முகத்தைப் பார்த்தார். அதில் எதைப் படித்தாரோ, சிரிப்பு மெல்ல வடிந்தது. போனைத் தம்பியிடம் நீட்டினார்.

போன் கைமாறியபோதுதான் அதிலிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது: "பெரீப்பா! நீ எங்கே இருக்கே?"

பாம்புச்செவி அசையவில்லை. மற்ற நாலு பேர் முகத்திலும் வந்த மாற்றத்தைத்தான் பார்த்தார்.

"இப்போ சொன்னாளா?" என்று கேட்டார். "என்னடா சொன்னா?"

தம்பி மண்டியிட்டு, அண்ணனின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுவந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதடு நன்றாகத் தெரியும்படி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.